பிப்ரவரித் தாளில் இருப்பவள்

கிரேடிங் ஹாலில், குளிர் அறைக் கதவுக்குப் பக்கத்தில்
ஒரு காலண்டர்.
ஹாலந்தில் ரோஜாக் கன்று விற்கும் கம்பெனி கொடுத்தது.
ஜனவரிக்குப் படகு.
மார்ச்சுக்கு மாடுகள், நம் மாடுகளைப்போல் இரண்டு பங்கு மடி.
பிப்ரவரிக்கு அவள்.

காதலர் தினத்துக்கு ஆர்டர் குவியும் மாதம்.
பாகலூர் ரோட்டில் விடிய விடிய வேன் ஓடும்.
தண்டை அளக்கிறேன்: நாற்பது, ஐம்பது, அறுபது.
இருபது சேர்ந்தால் ஒரு கட்டு.
கழுத்து வலித்து நிமிரும்போதெல்லாம்
எதிரே அவள்தான்.

காதை மூடிய வெள்ளைத் துணித் தொப்பி.
கறுப்பு உடுப்பு. நகை ஒன்றுமில்லை.
ஐம்பது வயது இருக்கலாம்,
அல்லது முப்பத்தெட்டிலேயே ஐம்பது ஆகியிருக்கலாம்
எங்கள் லைனில் சாக்கம்மாவுக்கு ஆனதுபோல.
முகமெங்கும் மெல்லிய வெடிப்பு,
ஆறிய களியின் மேல் விழுமே, அப்படி.
'ஆயில் பெயிண்ட், முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு,
வெடிக்காம என்ன செய்யும்' என்றார் சூப்பர்வைசர் திம்மராயன்.
மூக்கின் இடது ஓரம் ஒரு மரு.
உளுந்தளவு.
வரைந்தவன் அந்த மருவின் மேலும்
ஒரு சொட்டு வெளிச்சம் வைத்திருக்கிறான்.

செடிக்கு நோய் பார்க்க வந்த ஹாலந்துக்காரரிடம்
ஆபீஸ் பிரமீளாவை விட்டுக் கேட்கச் சொன்னேன்:
யார் இது, ராணியா?
அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி
அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார்.
'யாரும் இல்லையாம்க்கா. சும்மா ஒரு பொம்பளையாம்.
பேரு தெரியாதாம்.
வரைஞ்சவன் பேரும் தெரியாதாம்.'
அவர் இலைப்புள்ளி பார்க்கப் போய்விட்டார்.

யாரும் இல்லையாம்.
சிரிப்பில் ஒரு கட்டுக்கு இருபத்தொன்று வைத்துவிட்டேன்.
யாரும் இல்லாதவளுக்கு எதிரே
எத்தனை நாள் ஒருத்தன் உட்கார்ந்திருப்பான்
ஒரு மருவுக்காக?
அவளும்தான் உட்கார்ந்திருக்கிறாள்.
அடுப்பில் எதை வைத்துவிட்டு வந்தாளோ,
கண்ணில் அந்தக் கணக்கு ஓடுகிறது.
படம் மார்போடு முடிகிறது. கை இல்லை.
எனக்கு அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

எனக்கும் உண்டு, தாடையில்.
ராயக்கோட்டை ஸ்டூடியோவில்
பெண் பார்க்கக் கொடுக்க எடுத்த படத்தில்
கேட்காமலே அழித்திருந்தார்கள்.
இரண்டு சுற்று வெளுப்பும் ஏற்றியிருந்தார்கள்.
அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சூளகிரியிலிருந்து வந்தார்கள்.
காபித் தட்டோடு நான் வந்து நின்றதும்
மாமியார் பையிலிருந்து படத்தை எடுத்து
இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.
ஒன்றும் சொல்லவில்லை.
பதினொரு வருஷமாக
அந்த ஒன்றும் சொல்லாததைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
படம் இன்னும் டிவிக்கு மேலே இருக்கிறது.
மகன் நாலு வயதில் கேட்டான்,
'இந்த அத்த யாரும்மா?'

மார்ச் ஒன்றாம் தேதி
திம்மராயன் தாளைத் திருப்பினார். மாடுகள்.
சாப்பாட்டு நேரத்தில் நான் திருப்பி வைத்தேன்.
மறுநாள் மாடுகள். அதற்கும் மறுநாள் அவள்.
அவர் யாரென்று கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.
ஏப்ரலில் அம்மை போட்டு எட்டு நாள் வரமுடியவில்லை.
திரும்பி வந்து பார்த்தால்
அவள் அங்கேயே இருக்கிறாள்.
'எட்டு நாளும் பிப்ரவரிதான்' என்று திம்மராயன் தலையிலடித்துக்கொண்டார்.
சாக்கம்மா குனிந்து தண்டு அளந்துகொண்டிருந்தாள்.

ஜூனில் கம்பெனி அடையாள அட்டை மாற்றியது.
ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஸ்டூடியோ.
கம்ப்யூட்டரில் என் முகம் தாம்பாளம்போல் விரிந்தது.
பையன் அம்புக்குறியைத் தாடைக்குக் கொண்டுபோனான்.
'விடுப்பா.'
'ஒரு நிமிஷ வேலைக்கா. காசு கூட வேணாம்.'
'காசு தரேன். விடு.'
திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.
'சரி, வெளிச்சமாவது கொஞ்சம் ஏத்தட்டுமா?'

பிளாஸ்டர் சுற்றிய விரலை நீட்டி
எங்கே என்று
தொட்டுக் காட்டினேன்.